இருவருக்கும் ஓய்வு

மலையடிவாரத்து ஊர்களான ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பருவம் பார்த்துக் கிளம்பும் ஓய்வுகாலத் தம்பதிகளின் பயணங்கள்: ஒரு சிறப்புக் கட்டுரை

ஆனி பிறந்துவிட்டால் ராஜபாளையத்துத் தேநீர்க் கடைகளிலும் பேருந்து நிலையத்திலும் ஒரே விசாரிப்புத்தான்: “குத்தாலத்துல தண்ணி விழுதா?” தென்காசிப் பக்கமிருந்து யார் வந்து இறங்கினாலும் அவரிடம் முதலில் இதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு. “விழுது, ஆனா கூட்டம்” என்று பதில் வந்தால் வார நாளாகப் பார்த்துப் போகலாம் என்று வீட்டில் முடிவாகிவிடும்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பூகோளம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் மேகங்கள் முகடு வரை வந்து நிற்குமே தவிர, ஊருக்குள் இறங்குவதில்லை. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மழை மறைவில் கிடக்கும் ஊர்கள். இவற்றுக்கு மழை ஐப்பசியில்தான். ஆனால் தெற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால் மலைத்தொடர் ஆரியங்காவுக் கணவாயில் சற்றே தாழ்கிறது. அந்த இடைவெளி வழியாகக் காற்றும் ஈரமும் தென்காசிச் சீமைக்குள் நுழைந்துவிடுகின்றன. ராஜபாளையத்தில் வெயில் காயும் அதே பகலில் குற்றாலத்தில் சாரல் முகத்தில் அடிக்கும். இந்த வட்டாரத்து மக்களுக்குப் பருவத்தைத் தேடிப் போகும் பழக்கம் வந்ததற்கு இதுவே முதல் காரணம். இரண்டு மணி நேரப் பயணத்தில் வேறொரு காலநிலைக்குள் இறங்கிவிடலாம்.

வேலையில் இருந்தவரை அந்தப் பயணம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குளியலோடு முடிந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அப்படியில்லை. திங்கட்கிழமையும் அவர்களுடையதுதான். ஒரு பருவம் முழுக்கப் போய்த் தங்கிவிட்டு வரலாம்.

இந்திய அரசின் 2021-ஆம் ஆண்டு முதியோர் அறிக்கையின் மதிப்பீட்டில், தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் மக்கள்தொகையில் 13.6 சதவீதம். கேரளத்தின் 16.5 சதவீதத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம் இங்கேதான். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூருவிலோ கடல் கடந்தோ இருக்க, பெரிய வீட்டில் இருவர் மட்டும் வாழும் குடும்பங்கள் இவ்விரு ஊர்களின் எல்லாத் தெருக்களிலும் உண்டு. அவர்களுக்கு முன்னால் இருபது ஆண்டு வாழ்க்கை விரிந்து கிடக்கிறது. அதை எப்படிக் கழிப்பது, எங்கே கழிப்பது, யாருடைய உழைப்பில் கழிப்பது என்ற மூன்று கேள்விகளில் மூன்றாவதை நாம் கேட்பதே இல்லை. இந்தக் கட்டுரை அதைக் கேட்பதற்காகவே எழுதப்படுகிறது.

சாரலில் குடியேறிய ரசிகமணி

ஓய்வுக்குப் பின் பருவத்தோடு வாழ்ந்தவர் என்றால் தென்தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருகிறவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1882-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர். சட்டம் படித்தார். சென்னை மாகாண மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையத் துறையின் ஆணையராகப் பணியாற்றினார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவருடைய வீட்டு வட்டத் தொட்டியில் நண்பர்கள் கூடிக் கம்பனைப் பேசினார்கள்; அந்தக் கூட்டத்துக்கே ‘வட்டத் தொட்டி’ என்று பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தையே வாழும் இடமாக ஆக்கிக்கொண்டார். ‘குற்றால முனிவர்’ என்று நண்பர்கள் அழைத்தார்கள்.

சாரல் தொடங்கிவிட்டால் அவரிடமிருந்து நண்பர்களுக்குக் கடிதங்கள் பறக்கும். அருவி எப்படி விழுகிறது, காற்று எப்படி இருக்கிறது, எப்போது வருகிறீர்கள் என்று கேட்கும் அந்தக் கடிதங்கள் பின்னாளில் நூலாகவும் வந்தன. ராஜாஜியும் கல்கியும் அந்த வீட்டுக்கு விருந்தினர்களாக வந்திருக்கிறார்கள். காலையில் அருவி, பிறகு சாப்பாடு, பிறகு பாட்டும் கவிதையும் என்று அந்த வீட்டின் பகல் நகரும். 1954-இல் மறைவது வரை அவருக்கு ஓய்வு என்றால் ரசிப்பதற்குக் கிடைத்த நேரம். அதை ஒரு பருவத்தோடும் ஓரிடத்தோடும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அருவி ஒரு காட்சி. அங்கேயே தங்குகிறவருக்கு அது காலைக்கும் மாலைக்கும் மாறுகிற ஒரு வாழ்க்கை. டி.கே.சி. நமக்குக் காட்டிச் சென்ற வழி இது.

அந்த வழியில் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அத்தனை விருந்தினர்களுக்கும் இலை போட்ட வீட்டில் ஓர் அடுக்களை இருந்திருக்கும். அதில் நின்றவர்களின் சாரல் காலம் எப்படி இருந்தது என்று இலக்கிய வரலாறு எழுதி வைக்கவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. நம் காலத்திலும் அப்படியே தொடர வேண்டியதில்லை.

பன்னிரண்டு மாதம், பல வாசல்கள்

ராஜபாளையத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு ஆண்டு முழுவதும் போக இடமுண்டு. வட்டம் பெரிதாகவும் இருக்க வேண்டியதில்லை.

சித்திரையும் வைகாசியும் மாம்பழக் காலம். மலையடிவாரத் தோப்புகளிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் சந்தைக்கு வந்து இறங்கும். சப்பட்டையின் ருசிக்காக வெளியூர்ப் பிள்ளைகள் இந்தக் காலத்தில்தான் ஊருக்கு வருவார்கள். ஆகவே பெற்றோர் வீட்டில் இருக்க வேண்டிய மாதங்கள் இவை. பேரன் பேத்திகள் திரும்பிய பிறகு வெயில் தாங்காதவர்கள் கொடைக்கானலுக்கு ஏறலாம். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்பி முதல் வீடுகளைக் கட்டிக்கொண்ட மலை அது. கோடைக்கு ஓரிடம், குளிருக்கு ஓரிடம் என்று வாழ்வது வெள்ளைக்காரர்களுக்கு அன்று நிர்வாகமாகவே இருந்தது; சென்னை மாகாண அரசே கோடைதோறும் உதகைக்கு இடம் பெயர்ந்தது.

ஆனியும் ஆடியும் குற்றாலம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று அருவிக்கு அருவி குணம் வேறு. வயதானவர்களுக்கு ஏற்றது விடியற்காலைப் பொழுது, கூட்டம் இருக்காது. சாலையோரத்தில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருக்கும். எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் இருப்பார்கள். பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டு வரலாம். ஆனால் மலையில் மழை என்றால் நீருக்குள் இறங்கக்கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. காவலர் விசில் ஊதினால் அடுத்த கணம் வெளியே வந்துவிட வேண்டும்.

ஆடி அமாவாசைக்கு இன்னொரு பழைய வழக்கம் இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் தென்மாவட்டக் குடும்பங்கள் ஆற்றங்கரைக் காட்டில் குடில் போட்டுப் பல நாள் தங்குவார்கள். ஓலையும் பாயும் பாத்திரமும் சுமந்துகொண்டு மூன்று தலைமுறையும் சேர்ந்து போவார்கள். இப்போது அது புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறையின் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனாலும் ஓர் உண்மையை அந்தக் குடில்கள் நினைவூட்டுகின்றன. பருவத்தில் வீட்டைவிட்டுப் போய்த் தங்குவது விடுதி நிறுவனங்கள் கண்டுபிடித்ததல்ல. நம் மக்களிடம் அது எப்போதும் இருந்தது.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள் குன்றுக்கு வட்டாரமே திரளும். தென்திருப்பதி என்று பெயர் பெற்ற கோயில். அதே மாதத்தில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் பயணமாகும்.

ஐப்பசியும் கார்த்திகையும் வீட்டில் இருக்க வேண்டிய காலம். வடகிழக்குப் பருவமழையில் அய்யனார் கோயில் ஆறு ஓடும். ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிரம்பும். சொந்த ஊரே சுற்றுலாத் தலமாகிவிடும் மாதங்கள் இவை. செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் மாமரக் கிளைகளிலும் புளியமரக் கிளைகளிலும் சாம்பல் நிற மலை அணிலைக் காலை நேரத்தில் பார்க்கலாம். நீண்ட வாலைத் தொங்கவிட்டு மரத்துக்கு மரம் தாவும் இந்த அணிலுக்காக 1988-இல் சரணாலயம் அமைந்தது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. தமிழகத்தின் ஐந்தாவது புலிகள் காப்பகம் அது. காட்டுக்குள் போக வனத்துறை சொல்லும் நேரத்தையும் எல்லையையும் மதித்தாக வேண்டும்.

சதுரகிரி மகாலிங்கம் மலைக்கோயிலைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தாணிப்பாறையிலிருந்து மேலே ஏறும் பாதை கல்லும் பாறையுமானது. 2015 மே மாதக் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்த பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. முழங்காலும் இதயமும் இடம் கொடுக்கின்றனவா என்று மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது. அடிவாரத்திலிருந்து கும்பிட்டாலும் மகாலிங்கம் ஏற்றுக்கொள்வார்.

மலையைத் துளைத்துப் போகும் ரயில்

ராஜபாளையம் ரயில் நிலையத்தில் ஏறினால் மலையைக் கடக்கும் தடம் ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் வரை போகும் சுமார் 50 கிலோமீட்டர். 1904-இல் திறக்கப்பட்ட மீட்டர் கேஜ் பாதை அது. அகலப் பாதையாக்கும் வேலைக்காக ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்து, 2018 ஜூனில் முழுமையாகத் திறந்தது. சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் போகும் விரைவு ரயில் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகவே இந்த மலையை ஏறி இறங்குகிறது.

பகவதிபுரம் தாண்டியதும் இருள் வந்து மூடும். மலையைக் குடைந்த நீண்ட சுரங்கம். வெளியே வந்தால் தேக்கும் ரப்பரும் ஈரமும். கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதின்மூன்று கண் பாலம், கருங்கல் தூண்களில் வளைந்து நிற்கிறது. கிழக்குச் சரிவின் காய்ந்த முள்மரங்களிலிருந்து மேற்குச் சரிவின் அடர்ந்த பச்சைக்கு மாறுவது கண் முன்னால் நடக்கும். பள்ளியில் படித்த ‘மழை மறைவுப் பிரதேசம்’ என்ற பாடத்தை இத்தனை தெளிவாக வேறெங்கும் காண முடியாது. காரில் போனால் ஓட்டுகிறவர் சாலையைத்தான் பார்த்தாக வேண்டும். ரயிலில் இருவரும் ஜன்னலைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மனைவி பக்கத்தில் இருந்தும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து எதையும் பார்க்காத கணவர்களுக்கு இந்த ரயிலை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

ஆண்டாளின் தாய்வீடு

இதுவரை இங்கிருந்து வெளியே போகும் பயணங்களைச் சொன்னேன். வெளியூரிலிருந்து இங்கே வந்து பருவம் கழிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தரும் இரண்டு பருவங்கள் ஆடியும் மார்கழியும்.

ஆடிப்பூரம் ஆண்டாளின் பிறந்த நாள். ஐந்தாம் நாள் ஐந்து கருட சேவை; பிறகு ரங்கமன்னார் ஆண்டாள் மடியில் தலைசாய்த்திருக்கும் சயன சேவை; நிறைவாகத் தேர். ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டும் மங்கலப் பொருள்களும் வரும். வடபத்ரசாயி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரத்தின் கீழ் அந்தப் பெருந்தேர் அசைந்து வருவதைப் பார்க்கக் கால் கடுக்க நிற்பவர்களில் தலை நரைத்தவர்கள் ஏராளம். நிற்க முடியாதவர்கள் ரத வீதிகளில் உறவினர் வீட்டுத் திண்ணையாகப் பார்த்து முன்கூட்டியே இடம் பிடித்துவிடுவார்கள். மார்கழியில் விடியலுக்கு முன்பே ஊர் எழுந்துவிடும். குளிரும் இதமாக இருக்கும். திருமுக்குளக் கரையில் எண்ணெய்க் காப்பு உற்சவம் நடக்கும். பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம்.

இந்தத் திருவிழாக்களில் என்னை ஆழமாகத் தொட்டது பகல்பத்தின் முதல் நாள். அன்று ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரியாழ்வார் வழிவந்த வேதபிரான் பட்டரின் திருமாளிகைக்கு எழுந்தருளுகிறார்கள். அது ஆண்டாளின் தாய்வீடு. கட்டிக்கொடுத்த மகள் கணவரோடு வந்திருக்கிறாள் என்று வாசலில் காய்கறிகளையும் பழங்களையும் பரப்பி வரவேற்கிறார்கள். ‘பச்சை பரத்தல்’ என்பது இந்த விழாவின் பெயர்.

தெய்வத்துக்கே ஆண்டுக்கு ஒரு முறை தாய்வீடு போகும் நாள் வைத்திருக்கும் ஊர் இது. மகள் விருந்தாளியாக வருகிறாள். வேறு யாரோ தோட்டத்தில் பறித்து, சுமந்து வந்து, அவளுக்கு முன்னால் பரப்புகிறார்கள். பெரியாழ்வார் காலத்திலிருந்து இன்றுவரை பெண்களுக்கு ஓய்வு என்பது இந்த ஒரு வடிவத்தில்தான் கிடைத்து வந்திருக்கிறது. தாய்வீட்டுக்குப் போனால் அம்மா பார்த்துக்கொள்வாள். நாலு நாள் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அறுபது வயதுப் பெண்ணுக்கு அந்த வீடு இருப்பதில்லை. அம்மா போய்ச் சேர்ந்திருப்பாள். வீடு அண்ணன் தம்பிகளுக்குப் பிரிந்திருக்கும், அல்லது விற்றுப் போயிருக்கும். கணவர் ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய வேலை கூடுகிறது: மதியச் சாப்பாடு இப்போது இருவருக்கும் வீட்டில், பதினோரு மணிக் காபி புதிதாகச் சேர்ந்திருக்கிறது, பார்க்க வருகிறவர்களும் அதிகம். தமிழக அரசுப் பணியில் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. அடுக்களையில் நிற்பவளுக்கு அப்படி ஓர் ஆணையை எந்த அரசும் போட்டதில்லை. அவளே வேலைக்குப் போய் ஓய்வு பெற்ற ஆசிரியையாக இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

இப்போது ஆனி மாதக் குற்றாலத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள். மாத வாடகைக்கு ஒரு வீடு எடுக்கிறார்கள். சிலிண்டர், குக்கர், மிக்சி, சாம்பார்ப் பொடி, ஊறுகாய் எல்லாம் காரில் ஏறுகின்றன. அவர் காலையில் அருவிக்குப் போய்த் தலை நனைய நின்று, பசியோடு திரும்புகிறார். இட்லி தயாராக இருக்கிறது. மாதம் முழுக்க இப்படித்தான். இடம் மாறியிருக்கிறது, பருவம் மாறியிருக்கிறது, அவளுடைய நாள் மட்டும் மாறவில்லை. வாரம் ஒரு முறை அவளும் அருவிக்குப் போனாள் என்பதை வைத்து, இருவரும் சீசனுக்குப் போய் வந்தோம் என்று சொல்லிவிட முடியாது.

ஓய்வுகாலப் பயணத்தைத் திட்டமிடும் தம்பதிகள் இடத்தையும் தேதியையும் முடிவு செய்வதற்கு முன்னால் அடுப்பைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். சாப்பாட்டோடு கூடிய தங்குமிடமா? பக்கத்தில் மெஸ் உண்டா? காலை உணவை அவர் செய்வாரா? மாதம் முழுக்கச் செலவு தாங்காதென்றால் சமைத்துச் சாப்பிடும் முப்பது நாளைவிடச் சமைக்காமல் சாப்பிடும் பத்து நாள் மேல். அந்தப் பத்து நாளும் அவளுக்குத் தாய்வீடாக இருக்கும்.

கடல் கடந்த ஆறு மாதம்

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு பருவப் பயணம் உண்டு. ஏப்ரலில் கிளம்பி அக்டோபரில் திரும்புவது. பார்வையாளர் விசாவில் வருகிறவர்களுக்கு வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கிறது. அங்கே கோடையும் இலையுதிர் காலமும் இதமானவை. பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். நியூஜெர்சி வீட்டுப் பின்கட்டில் கறிவேப்பிலைத் தொட்டியைக் காலையில் வெளியே வைத்து மாலையில் உள்ளே எடுக்கும் தாத்தாக்கள் நம் தெருக்காரர்கள்தான்.

அந்தப் பயணத்தில் மகிழ்ச்சி நிஜம். பேரனின் முதல் நடையை நேரில் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. ஆனால் மகளோ மருமகளோ வேலைக்குப் போக, சமையலும் குழந்தையும் பாட்டியின் கைக்கு வந்துவிடுகின்றன. தாத்தா ஜன்னலோரம் கைப்பேசியில் தமிழ்ச் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள்: அம்மா வந்திருக்கும் ஆறு மாதத்தில் ஒரு மாதத்தையாவது அவருக்கென்று ஒதுக்கி வையுங்கள். நயாகராவைக் காட்டிவிட்டோம் என்பதோடு கணக்கு முடிவதில்லை. அவர் எங்கே போக விரும்புகிறார் என்று அவரைக் கேளுங்கள். கிளம்புகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய்க்கு என்ன வரையறை என்பதை வரிக்கு வரி படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

குளிர்நாட்டு முதியவர்கள் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். கனடாவில் பனி விழத் தொடங்கியதும் ஓய்வு பெற்றவர்கள் ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் இறங்கி, வசந்தத்தில் திரும்புவார்கள். ஒன்டாரியோ மாகாணத்தில் பன்னிரண்டு மாதத்தில் 212 நாள் வரை வெளியே இருந்தாலும் அரசு மருத்துவக் காப்பீட்டு உரிமை பறிபோவதில்லை. முதியவர்கள் பருவத்தோடு இடம் மாறுவார்கள் என்பதை எதிர்பார்த்து விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

யாரால் போக முடிகிறது?

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். 1930-களில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து வளர்ந்த தொழில் இது. பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவமனைக் கட்டுத்துணிக்குப் பேர்போனது. இங்கே ஓய்வு பெறுகிறவர்கள் எல்லாரும் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் அல்ல. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என நிர்ணயமானது. முப்பது ஆண்டு நூற்பு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவருக்கு அந்த வகையில் வரும் பணத்தில் ஒரு மாத மருந்தே கடினம். பருவப் பயணம் எங்கே? தமிழக அரசு வேலையிலும் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். இன்று குற்றாலத்தில் ஒரு மாதம் வாடகை கொடுக்க முடிகிற தலைமுறைக்கு அடுத்து வருகிறவர்களின் கை இதைவிடச் சுருங்கியிருக்கக்கூடும்.

இருந்தும் பணம் மட்டும் தடையல்ல என்பதற்குக் கொச்சியிலிருந்து ஒரு சாட்சி. தேநீர்க் கடை நடத்திய கே.ஆர். விஜயனும் மோகனாவும். நாள்தோறும் 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, போய் வந்து கடையில் உழைத்துக் கடனை அடைத்து, மறுபடி கிளம்பியவர்கள். 2007-இல் தொடங்கிய வெளிநாட்டுப் பயணங்களில் 26 நாடுகளைப் பார்த்தார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்த் திரும்பினார்கள். அடுத்த மாதம் விஜயன் மறைந்தார். அந்தத் தம்பதியின் கதையில் நாடுகளின் எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, கடையின் கதவை இருவரும் சேர்ந்து அடைத்துவிட்டுக் கிளம்பினார்கள் என்பதுதான். அடுப்பு அணைந்தது, இருவரும் பயணிகள் ஆனார்கள்.

அரசு செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலுமாவது இதை மீண்டும் தர வேண்டும் என்று நாடாளுமன்ற ரயில்வே நிலைக்குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை நிறைவேற்றுவது முதியவர்களுக்குச் செய்யும் தருமம் அல்ல. நாற்பது ஆண்டு வரி கட்டியவர்களுக்குச் செலுத்த வேண்டிய மரியாதை.

மாநிலத்தில் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் தம்பதி அந்தப் பேருந்தில் ஒரே ஒரு சீட்டுத்தான் வாங்க வேண்டும். அறநிலையத் துறை 60 முதல் 70 வயது வரையுள்ளவர்களைக் காசிக்கும் அறுபடை வீடுகளுக்கும் கட்டணமின்றி அழைத்துச் செல்கிறது. எழுபதைத் தாண்டியவர்களுக்கும், மருத்துவத் துணையோடு, மெதுவான ஒரு பயணத்தை இத்துடன் சேர்க்கலாம். அருவிக் கரையிலும் கோயில் வாசலிலும் கைப்பிடிக் கம்பியும் உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறையும் நிழலில் ஒரு பெஞ்சும் இருந்தாலே, வீட்டில் முடங்கிக் கிடப்பவர்களில் பலர் வெளியே வருவார்கள்.

பூட்டுவதற்கு முன்

வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் போவதற்கு மனத்தடைகள் உண்டு. “வீட்டை யார் பார்ப்பா?” என்பதுதான் பல பயணங்களை நிறுத்திவிடுகிறது. அந்தத் தடைகளைத் தீர்க்க வழி இருக்கிறது.

பாலையும் பத்திரிகையையும் தேதி சொல்லி நிறுத்துங்கள். வாசலில் சேரும் பத்திரிகைகள் ஆளில்லாத வீட்டைக் காட்டிக்கொடுக்கும். நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் வீடு பூட்டியிருக்கும் தேதிகளை எழுதிக் கொடுங்கள். சிலிண்டரை மூடி, மோட்டார் சுவிட்சை அணைத்து, ஒரு சாவியை நம்பிக்கையான அண்டை வீட்டில் கொடுங்கள்; அவர்கள் ஊருக்குப் போகும்போது நீங்கள் அவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ராஜபாளையம் நாய் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குடும்பத்தாரோடு மட்டுமே ஒட்டும் இனம் அது. முன்பின் தெரியாதவரிடம் விட்டுப் போகாதீர்கள். ஒரு மாதம் முன்பிருந்தே பார்த்துக்கொள்பவரைத் தினமும் வரவழைத்துப் பழக்குங்கள்.

ஓய்வூதியர்களுக்கான வாழ்வுச் சான்றிதழுக்காக ஊரில் காத்திருக்க வேண்டியதில்லை. 2014 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய மின்னணு முறையில் எந்த ஊரிலிருந்தும் தரலாம். 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே பதிவு செய்யவும் வழி உண்டு.

தங்கும் நாளுக்குப் பத்து நாள் கூடுதலாக மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் நகலும் மருத்துவமனையில் இருந்து வந்தபோது தந்த சுருக்க அறிக்கையும் இருவர் பையிலும் தனித்தனியே இருக்கட்டும். ரயிலில் முன்பதிவின்போது வயதைச் சரியாகக் குறிப்பிட்டால், இடம் இருக்கும்வரை 60 கடந்த ஆண்களுக்கும் 45 கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்க விதி உண்டு. அறை எடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் எத்தனை படி ஏற வேண்டும் என்று கேளுங்கள்.

முதல் முறை ஒரு மாதம் போக வேண்டாம். பக்கத்து ஊரில் நான்கு நாள் தங்கிப் பாருங்கள். ராஜபாளையத்துக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மார்கழியில் தங்கலாம். பன்னிரண்டு கிலோமீட்டர்தான்; ஆனாலும் காலை நான்கு மணிக்குக் கோயில் வாசலில் நிற்பவருக்கும் காரில் போய்ப் பால்கோவா வாங்கித் திரும்புகிறவருக்கும் அந்த ஊர் ஒன்றல்ல.

எப்போது கிளம்புவது?

“பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும்”, “பேரன் கொஞ்சம் பெரியவன் ஆகட்டும்”, “அடுத்த வருஷம் பார்க்கலாம்.” தள்ளிப் போடுவதற்கு நம் வீடுகளில் சொல்லும் காரணங்கள் எல்லாம் அன்பின் பேரில் வருபவை. ஆகவே அவற்றை மறுப்பது கடினம். ஆனால் முழங்கால் அந்தக் காரணங்களைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதில்லை. அறுபதில் ஏற முடிகிற படியை எழுபதில் நின்று பார்க்கத்தான் முடியும். தம்பதியில் ஒருவர் முந்திக்கொண்டால் மற்றவருக்கு எந்தப் பருவமும் பழைய பருவமாக இருக்காது. இது எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கணவன்மாருக்கு நேராக ஒன்று சொல்கிறேன். உங்கள் ஓய்வூதிய ஆணை வந்த நாளில் உங்களுக்கு மாலை போட்டார்கள், பேசினார்கள், படம் எடுத்தார்கள். அதே வீட்டில் அத்தனை ஆண்டு உங்களோடு உழைத்தவருக்கு விடைகொடுப்பு விழா நடக்கவில்லை. அதை நடத்த வேண்டியவர் நீங்கள். அடுத்த ஆனியில் குற்றாலத்துக்கோ கொல்லத்துக்கோ இரண்டு சீட்டு எடுங்கள். சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு அவரிடம் சொல்லுங்கள். எந்த ஊர், எத்தனை நாள் என்பதை அவர் முடிவு செய்யட்டும். சாம்பார்ப் பொடி வீட்டிலேயே இருக்கட்டும்.